குழுச் சுற்றுலாவில் பாரிஸ்: பஸ் காட்டுவதும், நீங்களே போய்ப் பார்க்க வேண்டியதும்

நீங்கள் கேட்டது இதுதான். மே மாதக் கடைசியில் அப்பா, அம்மாவோடு குழுச் சுற்றுலாவில் ஐரோப்பா போகிறீர்கள். பாரிஸுக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் நாள் கோச்சில் நகரச் சுற்று, ஈபிள் கோபுரத்தின் இரண்டாவது தளம், செய்ன் நதியில் படகு. மறுநாள் முழுக்க டிஸ்னிலாண்ட். ஹோட்டல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில். அப்பா மதுரையில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அம்மாவுக்கு முழங்கால் வலி. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பார்த்தால் பாரிஸைப் பார்த்ததாக ஆகுமா, இல்லை அத்தனை பணமும் வீணா?

வீணில்லை. பல வருடங்கள் தமிழ்நாட்டுக் குழுக்களோடு டூர் மேனேஜராகப் போய் வந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஐரோப்பியத் தலைநகரங்களில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கத் தோதான ஊர் பாரிஸ். ரோமில் பெரிய பஸ்ஸைப் பழைய நகரத்துக்குள் விடமாட்டார்கள். பாரிஸில் அந்தச் சிக்கல் குறைவு. காரணம், 1853 முதல் 1870 வரை நகர நிர்வாகியாக இருந்த ஓஸ்மான். பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் ஆணைப்படி குறுகலான பழைய தெருக்களை இடித்து, நூல் பிடித்தாற்போல அகலச் சாலைகளைப் போட்டவர் அவர். ஒவ்வொரு சாலையின் முடிவிலும் ஒரு குவிமாடமோ வளைவோ தூணோ கண்ணில் படும். குதிரை வண்டிக்காகப் போட்ட அந்தச் சாலைகள் இன்றைக்கு ஐம்பது பேர் உட்காரும் கோச்சுக்கும் போதுமானவையாக இருக்கின்றன.

ஆனால் பஸ் காட்டுவது ஊரின் வெளிக்கோடு மட்டும்தான். உள்ளே போய் ஓர் இடத்தில் நின்று பார்ப்பதற்கு உங்களுக்கு ஒரு நாள் வேண்டும். அந்த நாள் உங்கள் திட்டத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், முதலில் பஸ்.

நகரச் சுற்று மூன்று மணி நேரம் இருக்கும். உள்ளூர் கைடு ஒருவர் ஏறிக்கொள்வார். பிரான்ஸில் அருங்காட்சியகங்களிலும் நினைவுச் சின்னங்களிலும் குழுவுக்கு விளக்கம் சொல்ல அரசு அங்கீகார அட்டை வைத்திருப்பவருக்கே அனுமதி. உங்கள் டூர் மேனேஜர் அங்கே வாய் திறக்காமல் இருந்தால் தெரியாததால் என்று நினைக்காதீர்கள். கைடு ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுவார், பஸ்ஸும் நிற்காது. அவர் ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கும்போது அது பின்னால் போயிருக்கும். ஆகவே எதைப் பார்க்கப் போகிறோம் என்று முன்பே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

கொங்கோர்த் சதுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் அதை இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும். நடுவில் நிற்கும் கல்தூண் எகிப்தின் லக்சர் கோயில் வாசலில் நின்றது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது, உயரம் சுமார் 23 மீட்டர், இங்கே நிறுத்தியது 1836இல். அதன் ஜோடித் தூண் இன்னும் லக்சரிலேயே தனியாக நிற்கிறது. அடிப்பீடத்தில் தங்க நிறக் கோடுகளாகத் தெரிவது அலங்காரம் இல்லை. அவ்வளவு பெரிய கல்லை எந்த இயந்திரங்களால் இறக்கித் தூக்கி நிறுத்தினார்கள் என்ற படம் அது. அப்பாவுக்கு முன்பே சொல்லிவையுங்கள், அவர் கண் நேராக அங்கேதான் போகும். பதினாறாம் லூயி மன்னரை 1793 ஜனவரி 21 அன்று கில்லட்டினில் கொன்றது இந்தச் சதுக்கத்தில்தான். அதே ஆண்டு அக்டோபரில் அரசி மரி அந்துவானெத்தும் இங்கேயே கொல்லப்பட்டார். பக்கத்துப் பாலத்தில் பஸ் ஏறினால் இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். மக்கள் தகர்த்த பஸ்தீய் சிறைக்கோட்டையின் கற்களும் சேர்ந்து கட்டிய பாலம் அது.

அங்கிருந்து ஷான்ஸ் எலிசே சாலையில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நேராக மேலே ஏறினால் வெற்றி வளைவு. நெப்போலியன் 1806இல் கட்டச் சொன்னார், முடிந்தது 1836இல், அவர் இறந்து பதினைந்து ஆண்டுக்குப் பிறகு. உயரம் 50 மீட்டர், சுற்றிலும் பன்னிரண்டு சாலைகள் வந்து சேரும். வளைவுக்குக் கீழே பெயர் தெரியாத போர்வீரன் ஒருவனின் கல்லறை இருக்கிறது. அங்கே 1923 முதல் ஒவ்வொரு மாலையும் 6.30 மணிக்குச் சுடரைத் தூண்டுகிறார்கள், ஒரு நாளும் தவறியதில்லை. அந்த வட்டத்தை யாரும் சாலை வழியாகக் கடக்க முயல வேண்டாம். கீழே சுரங்கப் பாதை உண்டு.

பிறகு தங்கக் குவிமாடத்தோடு இன்வலீத், அதற்கடியில் நெப்போலியனின் கல்லறை. ஓபரா மாளிகை. டயானா இறந்த அல்மா சுரங்கச் சாலை. எல்லாம் ஜன்னல் வழியாகவே. ஒரு வாசனைத் திரவியக் கடைக்கும் கூட்டிப் போவார்கள். வாங்கியே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை, கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தெருவோரத்துத் தானியங்கிக் கழிப்பறைகள் நானூறுக்கு மேல் இருக்கின்றன, இலவசம்தான். ஆனால் ஒவ்வொருவர் வெளியே வந்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு தானே கழுவிக்கொள்ளும். நாற்பது பேர் வரிசையில் நின்றால் மத்தியானம் போய்விடும். எங்கே வாய்ப்புக் கிடைக்கிறதோ அங்கே போய்வந்துவிடுவது அம்மாவுக்கு நிம்மதி.

போட்டோ எடுக்க நிறுத்துவது த்ரொக்காதெரோ மேடையில். ஈபிள் கோபுரம் அடி முதல் நுனி வரை முழுதாகத் தெரியும் இடம் அதுதான். உலகத்தின் பாதி அங்கேதான் நிற்கும், பிக்பாக்கெட்டும் அங்கேதான். யாராவது அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாலோ, கீழே கிடந்ததாக மோதிரத்தைக் காட்டினாலோ பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள். பாஸ்போர்ட்டும் பணமும் சட்டைக்கு உள்ளே இருக்கட்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடம்தான். ஒரு முறை என் குழுவில் இருவர் சாவிக்கொத்து வாங்கப் போய் ஏழு நிமிடம் தாமதித்தார்கள். ஆள் இறக்கி ஏற்றும் இடத்தில் அதற்கு மேல் நிற்க முடியாமல் ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டார். நெரிசலில் சுற்றி வர முக்கால் மணி நேரம். அன்றைக்கு எங்கள் படகு நேரம் கைவிட்டுப் போனது. மழையில் நின்ற முப்பத்தெட்டு முகங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஓட்டுநர்மேல் கோபப்படுவதிலும் நியாயமில்லை, அவர் கையைச் சட்டம் கட்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவெளி விட்டாக வேண்டும். ஒரு நாளில் ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. இரவு ஓய்வு பதினொரு மணி நேரம், அதைக் குறைப்பதற்கும் கணக்கு உண்டு. எல்லாவற்றையும் வண்டியிலுள்ள கருவி பதிந்துகொண்டே இருக்கும், மீறினால் அபராதம். இரவு பத்தரைக்கு உங்களை ஹோட்டலில் விட்டவர் மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டியை எடுக்க முடியாது. நெடுந்தூரப் பயணத்தில் நடுவில் எதற்கோ பெட்ரோல் பங்கில் முக்கால் மணி நேரம் உட்கார வைக்கிறார்களே என்று எரிச்சல் வந்தால், இதுதான் காரணம்.

அம்மா ஈபிள் கோபுரம் மின்னுவதைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் இருபதாயிரம் விளக்குகள் மின்னும், உண்மையிலேயே அழகு. ஆனால் மே கடைசியில் பாரிஸில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை தாண்டும். ஆக, மின்னுவதைப் பத்து மணிக்கு முன்னால் எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான குழுக்கள் எட்டு மணிக்கே சாப்பிட்டு ஹோட்டலுக்குத் திரும்பிவிடும். இப்போதே உங்கள் நிறுவனத்திடம் பேசி, படகுப் பயணத்தைக் கடைசியில் வைக்கச் சொல்லுங்கள். பத்து மணிப் படகில் ஏறினால் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுக் கோபுரத்தடிக்கே திரும்பும்போது பொழுது சரியாக இருக்கும். ஒரு வாரம் முன்னால் சொன்னால் நடக்காது, இரண்டு மாதம் முன்னால் கேட்டால் பல சமயம் நடக்கும். ஆற்றில் குளிரும், ஸ்வெட்டர் மறக்காதீர்கள்.

கோபுரத்தில் உச்சித் தளத்துக்குப் போகவில்லையே என்று வருத்தம் வேண்டாம். இரண்டாவது தளம் 116 மீட்டர், உச்சித் தளம் 276. உச்சியிலிருந்து பார்த்தால் ஊர் வரைபடமாகிவிடும். இரண்டாவது தளத்திலிருந்து பார்த்தால் நீங்கள் காலையில் பஸ்ஸில் போன சாலைகளைக் கைநீட்டிக் காட்டலாம். பாதுகாப்புச் சோதனை, லிஃப்ட் வரிசை எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஆகும். வரிசையில் நிற்கும்போது அப்பாவை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். முதல் தளத்துக்குக் கீழே நான்கு பக்கமும் தங்க எழுத்தில் விஞ்ஞானிகள், பொறியாளர்கள் 72 பேரின் பெயர்கள் இருக்கும். கூலும், ஆம்பியர், ஃபூரியே, லப்லாஸ், லவாய்சியே, ஃபூக்கோ. ஆயுள் முழுக்கக் கரும்பலகையில் அவர் எழுதிய பெயர்கள். இருபது ஆண்டு அனுமதியோடு 1889 கண்காட்சிக்காக எழுப்பிய அந்த இரும்பை, கம்பியில்லாத் தந்திக்குப் பயன்படும் என்று நிரூபித்துத்தான் இடிபடாமல் காப்பாற்றினார்கள் என்பதும் அவருக்குப் பிடிக்கும்.

இப்போது இரண்டாம் நாள். டிஸ்னிலாண்டைக் குறை சொல்லவில்லை, குழந்தைகள் இருந்தால் போகத்தான் வேண்டும். உங்கள் மூன்று பேருக்கு அது வேண்டாம். அன்று குழுவிலிருந்து பிரிந்துவிடுங்கள். டூர் மேனேஜரிடம் முதல் நாளே எழுத்தில் சொல்லிவிட்டு, ஹோட்டல் முகவரியையும் அவருடைய எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிலையத்துப் பக்கம் ஹோட்டல் என்பதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். அங்கிருந்து கிளம்பும் ஆர்.இ.ஆர். பி என்ற ரயில் நீங்கள் போக வேண்டிய எல்லா இடங்களுக்கும் ஒரே தடத்தில், மாறாமல் போகிறது. விமான நிலையத்துக்கு மட்டும் தனிக் கட்டணம், 2025இல் ஒருவருக்கு 13 யூரோ என்று வைத்தார்கள். சாதாரண மெட்ரோ டிக்கெட் செல்லாது, சோதனையில் மாட்டினால் அபராதம். கோடையிலும் வார இறுதியிலும் பராமரிப்புக்காக இந்தத் தடத்தில் சேவையைக் குறைப்பார்கள், முதல் நாள் இரவே ஹோட்டல் வரவேற்பில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் நோத்ர தாம் தேவாலயத்துக்குப் போகத் தோன்றும். போகாதீர்கள். அதையும் தாண்டி அடுத்த நிலையமான லுக்ஸம்பூரில் இறங்குங்கள். அம்மாவின் முழங்காலுக்காகச் சொல்கிறேன், அங்கே தொடங்கினால் பாதை அநேகமாக இறக்கம்தான். வெளியே வந்ததும் நேர் சாலையின் முடிவில் பெரிய குவிமாடம் தெரியும், அதுதான் பாந்தெயோன். பிரான்ஸ் தன் பெரியவர்களை அடக்கம் செய்யும் இடம். வோல்தேர், ரூஸோ, விக்தோர் யூகோ எல்லாரும் கீழே நிலவறையில் இருக்கிறார்கள். மேரி க்யூரியையும் கணவர் பியரையும் 1995இல் இங்கே கொண்டுவந்தார்கள். தன் சொந்தச் சாதனைக்காக இங்கே இடம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

அங்கிருந்து பூல்வார் சேன் மிஷேல் வழியாக நதியை நோக்கி ஒரு கிலோமீட்டர் இறக்கம். நடக்க வேண்டாம் என்றால் டாக்ஸி. நதியைத் தாண்டினால் சீதே தீவு, பாரிஸ் பிறந்த இடம். இங்கே இரண்டு கோயில்கள் ஐந்து நிமிட நடைக்குள் இருக்கின்றன. சாந்த் ஷப்பேல் சின்னது, 1248இல் முடிந்தது. ஒன்பதாம் லூயி மன்னர் இயேசுவின் முள்முடி என்று நம்பிய பொருளை வைப்பதற்காகக் கட்டியது. மேல் தளத்தில் சுவர் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. பதினைந்து மீட்டர் உயரக் கண்ணாடி ஜன்னல்கள் பதினைந்து, அவற்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விவிலியக் காட்சிகள். மத்தியான வெயில் உள்ளே விழும்போது தரையெல்லாம் நீலமும் சிவப்புமாக இருக்கும். நான் அழைத்துப் போன ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் அங்கே சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கவே மறுத்தார். அவரைக் கிளப்பியது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. மேலே போகக் குறுகலான சுழல் படிக்கட்டு உண்டு, அம்மாவை அவசரப்படுத்தாமல் ஏறவிடுங்கள். நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் சோதனை கடுமை, பையில் கத்தி, கத்தரிக்கோல் கூடாது.

நோத்ர தாமுக்குக் கட்டணம் இல்லை. 1163இல் கட்டத் தொடங்கிய கோயில். 2019 ஏப்ரல் 15 மாலை கூரை எரிந்து, ஊசிக் கோபுரம் உள்ளே விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஐந்தரை ஆண்டு வேலைக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்தார்கள். தீக்கு முன்னால் பார்த்தவர்களுக்குப் புகைபடிந்த இருண்ட கோயில்தான் ஞாபகம் இருக்கும். இப்போது கல்லெல்லாம் வெண்ணெய் நிறத்தில் இருக்கிறது. இலவச முன்பதிவு உண்டு, செய்தால் வரிசை குறையும். வாசல் முன் தரையில் ஒரு வெண்கலப் பதக்கம் பதித்திருப்பார்கள். பாரிஸிலிருந்து மற்ற ஊர்களுக்கான தூரத்தை அந்தப் புள்ளியிலிருந்துதான் அளக்கிறார்கள்.

லூவ்ர் அருங்காட்சியகத்தை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். முழங்கால் வலியோடு அந்தப் பரப்பை நடந்து, 77 சென்டிமீட்டர் உயரமுள்ள மோனா லிசாவைக் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஒரு நிமிடம் பார்ப்பதற்கு அரை நாள் போகும். அது தனியாக ஒரு பயணத்துக்கு உரியது. அப்படியும் போவதென்றால் செவ்வாய் விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மாலையில் அதே ரயிலில் திரும்பும்போது கார் து நோர் நிலையத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே லா சப்பல். எண்பதுகளிலிருந்து வந்து குடியேறிய ஈழத்தமிழர்களின் கடைத்தெரு. பெயர்ப் பலகைகள் தமிழில் இருக்கும். முருங்கைக்காய், கறிவேப்பிலை, நகைக்கடை, புடவைக்கடை, தோசை, கொத்து ரொட்டி எல்லாம் கிடைக்கும். பத்து நாளாக ஒரே மாதிரியான வட இந்தியச் சாப்பாடு சாப்பிட்ட வாய்க்கு அங்கே ஒரு வேளை மீன் குழம்போ இட்லியோ கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. கொஞ்சம் தள்ளி மாணிக்க விநாயகர் கோயில் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியை ஒட்டி அவர்கள் நடத்தும் தேர் பாரிஸ் தெருக்களில் வரும், சாலையெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். நீங்கள் போகும் மாதத்தில் தேர் இல்லை, சாமி கும்பிட்டுவிட்டு வரலாம். இருட்டுவதற்குள் ரயிலேறிவிடுங்கள்.

ஒன்றை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். பாந்தெயோனின் குவிமாடத்துக்கு நேர் கீழே ஒரு குண்டு 67 மீட்டர் கம்பியில் ஆடிக்கொண்டிருக்கும். 1851இல் ஃபூக்கோ பூமி சுழல்வதை எல்லாரும் கண்ணால் பார்க்கட்டும் என்று இங்கே தொங்கவிட்ட ஊசல், இப்போது இருப்பது அதன் நகல். அப்பா பாடத்தில் நடத்தியிருப்பார், ஆடுவதைப் பார்த்திருக்கமாட்டார். அவசரப்படாமல் ஒரு மணி நேரமாவது இருங்கள், ஆடும் திசை மணிக்குச் சுமார் 11 பாகை நகர்வது கண்ணுக்கே தெரியும். பாரிஸில் முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 32 மணி நேரம் ஆகிறது. இதையே மதுரையில் தொங்கவிட்டால் எத்தனை மணி நேரம் ஆகும் என்று அங்கே வைத்து அவரைக் கேளுங்கள். அட்சரேகை 9.9 பாகை, 140 மணி நேரத்துக்குப் பக்கத்தில் விடை வரும். அவர் கணக்கைப் போட்டு முடிக்கட்டும், அப்புறம் கிளம்பலாம்.